நோவா என்னும் பெயர்

"என்னலே, நோவா?" என்றுதான் ஆச்சி கேட்பாள். முழங்கால் சிராய்த்து வந்து நின்றாலும் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும், முதலில் கை நெற்றிக்கு வரும். அப்புறம் அந்தக் கேள்வி. நோ என்றால் வலி, நோவு என்றாலும் வலி. திருநெல்வேலிச் சீமையிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தச் சொல் இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் பேரப்பிள்ளைகள் முறைவைத்து ஆதியாகமம் வாசிப்போம். பேழை கட்டினவருடைய பெயர் வந்தபோது என் காதில் அது வலியின் பெயராகத்தான் விழுந்தது. உலகமே தண்ணீரில் மூழ்குவதைப் பார்த்த மனிதருக்கு வேறு என்ன பெயர் இருக்க முடியும் என்றும் நினைத்துக்கொண்டேன். பல வருடங்களுக்குப் பிறகு எபிரெயச் சொற்களைக் கற்கத் தொடங்கிய நாட்களில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தேன். அங்கே நேர்மாறான பொருள் இருந்தது: இளைப்பாறுதல்.

எபிரெயத்தில் அது 'நோவஹ்'. நூன், வாவ், ஹேத் என்ற மூன்று எழுத்துகளால் ஆன வேர். கடைசி எழுத்தான ஹேத் தொண்டைக்குள்ளிருந்து உரசி வருகிற ஒலி. கிரேக்கத்தில் அதற்கு இடமில்லை. எனவே அங்கே பெயர் 'நோவே' என்று வாலறுந்தது. லத்தீனும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது 'நோவா' ஆகி, தற்செயலாக நம்முடைய நோவோடு ஒலி சேர்ந்துவிட்டது.

என் காது மட்டும் இப்படிக் கேட்டதென்று சொல்ல முடியாது. அரபியில் அவர் நூஹ். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நூகு என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் உண்டு. அரபியில் அதே ஒலிகள் ஒப்பாரியைக் குறிக்கின்றன. தம் மக்களுக்காக அத்தனை அழுதவர் என்பதால் அவருக்கு நூஹ் என்று பெயர் வந்தது என அரபு விளக்கக்காரர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். இளைப்பாறுதலின் பெயர் ஒரு மொழியில் அழுகையாகவும் இன்னொரு மொழியில் வலியாகவும் காதில் விழுகிறது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம், அது சரியும்கூட. எனக்கோ ஒதுக்க மனம் வரவில்லை. வலிக்கிற இடத்தில்தானே அந்தச் சொல்லுக்கு வேலை.

பெயர் வைத்த தகப்பனும் வலியிலிருந்துதான் பேசுகிறார். ஆதியாகமம் 5ஆம் அதிகாரம் ஒரு வம்ச அட்டவணை. இன்னார் இன்னாரைப் பெற்றார், இத்தனை வருடம் வாழ்ந்தார், மரித்தார் என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். அந்த நடை ஒரே ஒரு பெயரில் நின்று, அது ஏன் வைக்கப்பட்டது என்று காரணம் சொல்கிறது. லாமேக்கு தன் 182ஆம் வயதில் பிறந்த மகனுக்கு நோவா என்று பெயரிட்டு, சபிக்கப்பட்ட நிலத்தில் படுகிற பாட்டையும் கைகளின் பிரயாசத்தையும் சொல்லி, இவன் நம்மைத் தேற்றுவான் என்கிறார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையோடு பிள்ளையைத் தூக்கின ஒரு விவசாயியின் வாக்கு அது.

இலக்கணப்படி பார்த்தால் இங்கே ஒரு இடறல் உண்டு. தேற்றுவான் என்பதற்கு எபிரெயத்தில் இருக்கும் வினை 'நஹம்' என்ற வேறொரு வேரிலிருந்து வருவது. ஒலி நெருங்குகிறதே தவிர, நோவஹ் என்ற பெயர் அதிலிருந்து பிறக்காது. பெரெஷித் ரப்பா என்ற பழைய யூத விளக்கநூலில் ரபி யோஹனான் இதைப் பிடித்துவிடுகிறார். பெயரும் விளக்கமும் ஒட்டவில்லை. ஒன்று 'இளைப்பாறச் செய்வான்' என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு நஹ்மான் என்று பெயர் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிறிஸ்துவுக்கு முன்பே எபிரெய வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். அவர்களுடைய மொழிபெயர்ப்பில் தேற்றுவான் இல்லை, இளைப்பாறப் பண்ணுவான் என்றுதான் இருக்கிறது.

ரப்பா நூல் குறை சொல்வதோடு நிற்கவில்லை. ஆதியில் மாடு உழவனுக்குக் கீழ்ப்படிந்தது, உழவுசாலும் கீழ்ப்படிந்தது. மனிதன் பாவம் செய்ததும் இரண்டும் முரண்டு பிடித்தன. நோவா வந்ததும் அடங்கின என்று ஒரு கதை சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி இன்னும் ஒரு படி போகிறார்: நோவாவுக்கு முன்னால் உழுவதற்குக் கருவியே இல்லை, அதைச் செய்து கொடுத்தவர் அவர்தான், லாமேக்கு சொன்ன ஆறுதல் இதுவே என்கிறார். இளைப்பாறுதல் என்று பெயர் கொண்டவரின் கையில் ஒரு கலப்பை! இந்த இடத்தை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேலையிலிருந்து தப்பித்து ஓடுவதை இளைப்பாறுதல் என்று ராஷி நினைக்கவில்லை. கை நோகாமல் வேலை செய்ய வழி கிடைப்பதும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்று கண்டார்.

வேர்ச்சொல்லின் அடிப்படைப் பொருள் என்னவென்று பார்த்தால், ஓரிடத்தில் வந்து அமர்வது. 7ஆம் மாதம் 17ஆம் தேதி பேழை அரராத் மலைகளின்மேல் தங்கியது என்னும் இடத்தில் இதே வினைதான். எகிப்தின்மேல் வெட்டுக்கிளிகள் வந்து இறங்கியதற்கும் இதே வினைதான். ஆகவே சொல் பிறப்பிலேயே புனிதமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நோவாவின் கதையை எழுதியவர் இந்த வேரை விதைபோலத் தூவிக்கொண்டே போகிறார். பேழை அமர்கிறது. வெளியே விட்ட புறா பாதம் வைக்க இடமில்லாமல் திரும்புகிறது. அந்த இடத்துக்கு எபிரெயம் 'மனோவஹ்' என்கிறது. வெள்ளம் வடிந்தபின் பலியிலிருந்து எழுந்த வாசனை 'நிஹோவஹ்', மனதை அமர்த்துவது. தமிழில் தங்கிற்று, இளைப்பாற, சுகந்த என்று மூன்றும் மூன்று திசையில் பிரிந்துவிடுவதால் நமக்கு அந்த எதிரொலி கேட்பதில்லை. இளைப்பாற இடம் காணாத புறா இளைப்பாறுதல் என்ற பெயருள்ளவரிடமே திரும்பி வருகிறது. அவர் கையை நீட்டி அதைப் பிடித்து உள்ளே சேர்த்துக்கொள்கிறார்.

அரபியில் இந்த வேருக்கு உண்மையான உடன்பிறப்பு ஒப்பாரிச் சொல் கிடையாது. அது 'அனாக்க' என்ற வினை: ஒட்டகத்தை மண்டியிட வைப்பது. பாலைவனத்தில் நடந்து வந்த மிருகம் முன்னங்கால் மடித்து, பின்னங்கால் மடித்து, மணலில் அமரும். அமர்ந்தால்தான் முதுகிலிருக்கும் சுமையை இறக்க முடியும். ஒட்டகம் அப்படி அமரும் இடத்துக்கு 'முனாக்' என்று பெயர். இன்றைய அரபியில் அதே சொல் தட்பவெப்பத்தைக் குறிக்கிறது.

பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைக்கும் மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி நமக்கெல்லாம் மனப்பாடம். சுவரில் எழுதாத கோயிலும் இல்லை, காலண்டரில் அச்சிடாத வருடமும் இல்லை. அவர் பேசிய அரமேயத்துக்கு நெருங்கின சுரியானி மொழியில் அந்தப் பகுதியைப் பார்த்தால், இரண்டு வசனங்களுக்குள் மூன்று முறை நோவாவின் வேர் வருகிறது. இளைப்பாறப் பண்ணுவேன் என்பதில் ஒன்று. ஆத்துமாவுக்குக் கிடைக்கும் 'நியாஹா', அதாவது இளைப்பாறுதல், இன்னொன்று. நாம் சாந்தம் என்று வாசிக்கிற இடத்தில் இருக்கும் 'நீஹ்' மூன்றாவது. இளைப்பாறுதல் தருகிறவர் தம்மையும் அதே சொல்லால் சொல்லிக்கொள்கிறார். கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாகச் சுரியானியில் வழிபட்டு வந்தவர்கள். அவர்களுடைய காதுக்கு இந்த மூன்று ஒலிகளும் சேர்ந்தே கேட்டிருக்கும்.

தமிழ் என்ன செய்தது? தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சேற்றியபின் பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து, 1719இல் 36 வயதில் கண்மூடினார். ரூத் புத்தகத்திலும் இந்தச் சொல் உண்டு. விதவையான மருமகளுக்கு நகோமி தேடுகிற நல்வாழ்வுக்கு எபிரெயம் வைத்திருக்கும் பெயர் மனோவஹ். புறாவுக்குக் கிடைக்காமல் போன அதே இடம். சீகன்பால்குவுக்குப்பின் பெப்ரீசியுஸ், ரேனியுஸ், பவர் என்று பலர் கை வைத்துத் திருத்திய வேதத்தைத்தான் இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகள் வாசிக்கின்றன. அதில் நோவாவின் வேருக்குப் பல இடங்களில் வாய்த்த சொல் 'இளைப்பாறு'.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இளைத்தல் என்றால் மெலிதல், தளர்தல். இளைப்பு என்றால் தளர்ச்சி, மூச்சு வாங்குதல். ஆஸ்துமாவுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஆறு என்ற வினையோ தமிழின் மிகப் பரிவான வினைகளில் ஒன்று. சூடு ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், பசியும் ஆறும். இவற்றில் எதையும் அடித்து விரட்ட முடியாது, நேரம் கொடுக்க வேண்டும். இளைப்பு ஆறுவதும் அப்படித்தான். 23ஆம் சங்கீதத்தில் ஆடுகள் போய்ச் சேருகிற தண்ணீருக்கு எபிரெயத்தில் அதே வேர் வருகிறது. தமிழில் அங்கே 'அமர்ந்த' என்று வைத்தார்கள். ஆற அமர என்று நாம் சேர்த்துச் சொல்லும் இரட்டையில் ஒரு பாதி இளைப்பாறுதலுக்குப் போனது, மறு பாதி அந்தத் தண்ணீருக்குப் போனது.

ஓய்வு வேறு சொல். சாபாத் என்பதன் வேருக்கு நிறுத்துதல் என்று பொருள். தமிழ் அதற்கு 'ஓய்' என்ற வினையைக் கொடுத்தது. மழை ஓய்ந்தது என்கிற அதே ஓய். யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் இரண்டு வினைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஏழாம் நாளில் நீ ஓய்ந்திரு. எதற்காக என்றால் உன் மாடும் கழுதையும் இளைப்பாற, உன் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற. பிள்ளைக்கும் அந்நியனுக்கும் எபிரெயத்தில் இருப்பது மூன்றாவது ஒரு வினை: மூச்சைத் திரும்பப் பெறுதல். தமிழ்க்காரர்கள் அதையும் இளைப்பாறு என்றே பெயர்த்தார்கள். இளைப்பு என்பதே மூச்சு வாங்குவதுதான் என்பதால், மற்ற இடங்களைவிட இங்கே அந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வரும். தாத்தா பனையேறி. பங்குனி பிறந்தால் காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து பதநீர் நின்றுபோகும். பனைக்கு ஏழாம் நாள் தெரியாது. விடியுமுன் ஏறி இறங்கி, கலயங்களைப் பதநீர் காய்ச்சும் விடிலியில் வைத்துவிட்டு, குளித்து வேட்டி மாற்றிக் கோயிலுக்கு வருவார். ஓய்வுநாளை மீறுகிறவர்களைப் பற்றி அங்கே பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தாத்தா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்த மரங்கள் அவருடையவை அல்ல, குத்தகைக்கு எடுத்தவை. நீ ஓய்ந்திரு என்ற கட்டளை, மாடும் கழுதையும் வேலைக்காரியும் வைத்திருக்கிறவனைப் பார்த்துச் சொல்லப்பட்டது. வீட்டில் இரண்டு வண்டி மாடுகள் இருந்தாலும், இளைப்பாற வேண்டியவர்களின் வரிசையில்தான் தாத்தா இருந்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது அந்த வசனத்துக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சாவுக்கு மட்டும் நாம் இந்தச் சொல்லைத் தாராளமாகத் தருகிறோம். கத்தோலிக்கர்கள் மரித்தவர்களுக்காகக் கேட்பது நித்திய இளைப்பாற்றி. எகிப்தின் கிறிஸ்தவர்கள் காலமானவரை 'முத்தனய்யிஹ்' என்கிறார்கள். சுரியானியிலிருந்து அரபிக்குள் போன நோவாவின் வேர்தான் அது. எங்கள் ஊர்க் கல்லறைகளிலும் இளைப்பாறுகிறார் என்று பொறித்திருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மாட்டுக்கும் வேலைக்காரியின் பிள்ளைக்கும் வாரத்துக்கு ஒருமுறை உயிரோடு கிடைக்க வேண்டியதென்று வேதம் எழுதிவைத்ததை, கல்லில் வெட்டும்வரை தள்ளிப்போடலாகாது.

ஆச்சிக்கு எபிரெயம் தெரியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். ஆனால் ராத்திரி அவள் செய்கிற ஜெபத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் தாத்தாவின் கால். அடுத்து வண்டி மாடுகள் இரண்டும். அப்புறம் விடிலியில் கூடமாட வேலை செய்ய வருகிறவளும் அவள் பிள்ளையும். இவர்களுக்கெல்லாம் எளப்பாற இடம் கொடும் என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் வருவாள். ஞாயிற்றுக்கிழமை அந்த மாடுகளின்மேல் நுகம் வைக்க விட மாட்டாள். வண்டி தொழுவத்தில் கிடக்க, நாங்கள் இரண்டு மைல் நடந்தே கோயிலுக்குப் போவோம்.

பாதி வழியில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கல் ஊன்றி மேலே ஒரு கல் கிடத்தியது. தலைச்சுமைக்காரர் குனியாமல், யாரையும் கைகொடுக்கச் சொல்லாமல், நின்றபடியே சுமையை இறக்குவதற்கு ஏற்ற உயரம். ஆச்சிக்கு முழங்கால் போன பிறகு, கையில் வேதப்புத்தகம் தவிர வேறு சுமை இல்லாத அவளும் அங்கே நின்றுவிடுவாள். புத்தகத்தைக் கல்லின்மேல் வைத்து, முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடுவாள். முன்னால் ஓடிப்போன நாங்கள் திரும்பி வந்து சுற்றி நிற்போம்.

"ஆச்சி, நோவா?"

"இல்லலே. எளப்பாறுதேன்."