கூரைப் பெட்டியும் மொன்றியல் உடன்படிக்கையும்



கொழும்பிலோ சென்னையிலோ எயார்கொண்டிஷன் திருத்தும் ஒருவரிடம் "மொன்றியல்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பனியோ சென் லோறன் ஆறோ அவருக்கு நினைவுக்கு வராமல் போகலாம். ஆனால் பயிற்சி வகுப்பில் படித்த "மொன்றியல் உடன்படிக்கை" பெரும்பாலும் நினைவுக்கு வரும். இந்த நகரத்திலேயே பல வருடங்களாக வாழும் எம்மவருக்கோ அது ஏதோ இராஜதந்திரிகள் கையெழுத்திட்ட தாள். தாம் தினமும் சாமான் வாங்கும் கடையின் கூரைக்கும் அந்தத் தாளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. அப்படியான கூரைகளில் ஏறி இறங்கியே சீவியம் நடத்தியவன் நான். ஆகவே இந்த மாதப் பேச்சில் அந்த வரலாற்றைக் கூரையில் இருந்தே சொல்கிறேன்.

விக்ரோறியா அவெனியுவிலும் ஜோன் தலோன் தெருவிலும் உள்ள தட்டைக் கூரைக் கட்டடங்களில், தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் படாமல் பெரிய தகரப் பெட்டிகள் இருக்கின்றன. தொழிலில் இவற்றைப் 'பக்கேஜ் யூனிற்' என்போம். கொம்பிறெசர், வெப்பத்தை வெளியே தள்ளும் கொயில், உள்ளே குளிரைத் தரும் கொயில், காற்றாடிகள், பில்ரர், இங்குள்ள குளிருக்கு வேண்டிய காஸ் அடுப்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதால் அந்தப் பெயர். கீழே கடைக்குள் போவது காற்றுக் குழாய் மட்டுமே.

இதன் அளவைத் 'தொன்' கணக்கில் சொல்வார்கள். ஐந்து தொன், பத்துத் தொன் என்றால் பெட்டியின் நிறை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஐஸ் காலத்துக் கணக்கு. 2000 இறாத்தல் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு தொன். மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போட்ட கைகளுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

ஐஸ் என்றதும் ஐஸ் தொழிற்சாலைப் பக்கம் போனவர்களுக்கு அமோனியாவின் நெடி நினைவிருக்கும். ஆரம்ப காலத்துக் குளிரூட்டிகள் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு போன்றவற்றில்தான் ஓடின. குழாய் கசிந்தால் வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாற்றுத் தேடி 1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவருடன் வேலை செய்தவர்களும் சி.எஃப்.சி. வாயுக்களைக் கண்டுபிடித்தார்கள். எரியாது, மணக்காது, நஞ்சும் இல்லை. 1930இல் விஞ்ஞானிகள் முன்னிலையில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுதிரி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். பெற்றோலுக்குள் ஈயத்தைக் கலக்கும் வழியை 1921இல் கண்டுபிடித்தவரும் இதே மனிதர்தான். ஒரே ஆள் இரண்டு தரம் உலகத்தின் காற்றைக் கெடுத்தது தற்செயல்தான், ஆனால் கெட்ட எண்ணத்தில் அவர் அதைச் செய்யவில்லை. அன்றைக்கு உயிர்களைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு அது.

அந்த வாயு எதனுடனும் சேராமல் அப்படியே இருப்பதுதான் பிறகு வினையானது. கீழே அழியாமல் மெல்ல மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தில் சூரிய ஒளி பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. ஒரு குளோரின் அணு ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இந்த ஆபத்தை 1974இல் மொலினாவும் றோலண்டும் எழுதினார்கள். 1985இல் பிரித்தானிய ஆய்வாளர் மூவர் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் மிக மெலிந்து போனதை அளந்து வெளியிட்டார்கள். அதன் பிறகு விடயம் வேகமாக நகர்ந்தது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட எம்மவர்களை அங்குள்ள மீனவர்கள் கரை சேர்த்தது எங்கள் சமூகத்தில் மறக்க முடியாத சம்பவம். அவர்களில் பலர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு அடுத்த வருடம், 1987 செப்ரெம்பர் 16ஆந் திகதி, இதே நகரத்தில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகத்தில் 24 நாடுகளும் ஐரோப்பிய சமூகமும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பேச்சுவார்த்தையை இழுத்துப் பிடித்து முடித்து வைத்தவர் எகிப்தியரான முஸ்தபா தொல்பா. அப்போது எம்மவர்கள் றெஸ்ரோறன்ட் அடுக்களைகளிலும் தையல் ஆலைகளிலும் இரவு பகலாக நின்றார்கள். இந்தச் செய்தியைப் பார்க்க யாருக்கு நேரம்?

இங்கே பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒரு விடயம் உண்டு. 1987இல் கட்டுப்படுத்தப்பட்டவை ஐந்து சி.எஃப்.சி. வாயுக்களும், தீயணைப்புக்குப் பயன்பட்ட மூன்று ஹலோன்களும் மட்டுமே. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் கார் எயார்கொண்டிஷனிலும் இருந்த ஆர்-12 அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் கடைக் கூரைகளில் ஓடிய பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தது ஆர்-22. இது எச்.சி.எஃப்.சி. என்னும் வேறு குடும்பம். ஓசோனுக்கு அது செய்யும் கெடுதி ஆர்-12 செய்வதில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதனால் முதற் பட்டியலில் அது இல்லை. ஆர்-12ஐக் கைவிட்ட பலர் போய்ச் சேர்ந்த இடமே ஆர்-22தான். 1992இல் கோப்பன்ஹேகனில் கூடியபோதுதான் அதற்கும் நாள் குறித்தார்கள். கனடாவில் 2010 முதல் ஆர்-22 நிரப்பிய புதிய யூனிற்றுகளைச் செய்யவோ கொண்டுவரவோ தடை. 2020 முதல் அந்த வாயுவைப் புதிதாக இறக்குமதி செய்யவும் முடியாது. ஆக, இங்கே கையெழுத்தான தாள் இங்குள்ள கூரைகளுக்கு முழுதாக ஏறி வர 33 வருடங்கள் எடுத்தது.

1990களின் தொடக்கத்தில் நான் உதவியாளாகக் கூரையேறிய காலத்தில் நிலைமை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு கொம்பிறெசரை மாற்ற வேண்டுமென்றால் மூத்த மெக்கானிக் வால்வைத் திறந்து விட்டுவிட்டு ஒரு சிகரெட் பற்றவைப்பார். சீறிக்கொண்டு வெண்புகைபோல் வாயு வெளியேறும். புகைத்து முடிய, பெட்டியும் வெறுமையாகிவிடும். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை, வாயுவும் அப்போது மலிவு. நான் முதலில் வேலை செய்த இடத்தில் வாயுவைத் திருப்பி இழுக்கும் இயந்திரம் வந்த பிறகும், "அது நேரம் தின்னும், வானிலேயே வைத்துவிட்டு வா" என்று சொல்வார்கள். உண்மையில் நேரம் தின்னும்தான். பத்துத் தொன் பெட்டியில் இருப்பதைச் சிலிண்டருக்குள் இழுத்து முடிக்கும்வரை ஜனவரிக் காற்றில் கூரையில் நிற்பது சுகமான வேலை இல்லை. ஆனால் சட்டமும் இறுகிக்கொண்டே வந்தது. கியூபெக்கின் ஹலோகாபன் ஒழுங்குவிதி 2004இல் பிறப்பிக்கப்பட்டது. இன்று இந்த வாயுக்களை வெளியே விடுவது குற்றம், தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் அவற்றைக் கையாளவும் கூடாது. தாள் எழுதியவர்களுக்கு உலகம் நன்றி சொல்கிறது, சொல்லட்டும். கூரையில் விறைத்துக்கொண்டு அதை நிறைவேற்றியவர்களையும் வரலாறு எழுதுபவர்கள் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

சட்டம் மாறிய அளவுக்கு எங்கள் கடைக்காரர்களின் பேச்சு மாறவில்லை. கோடை தொடங்கினால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணை, காஸ் முடிஞ்சுபோச்சு. வந்து கொஞ்சம் அடிச்சு விடுங்கோவன்." நான் சொல்லும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, அது பெற்றோல் இல்லை, எரிஞ்சு முடியிறதுக்கு."

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். குளிரூட்டியின் வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகி வெப்பத்தை எடுக்கிறது, வெளியே மீண்டும் திரவமாகி அதை விடுகிறது. இருபது வருடம் ஓடினாலும் ஒரு அவுன்ஸ்கூடச் செலவாகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையைத் தேடாமல் வருடா வருடம் நிரப்பினால், கடைக்காரர் காசு கொடுத்து வாயுவை வாங்கி வானத்துக்கு விடுகிறார். ஒரு கிலோ ஆர்-22, பூமியைச் சூடாக்குவதில் 1.8 தொன் கரியமில வாயுவுக்குச் சமம். பத்துக் கிலோ போனால் 18 தொன். சாதாரண காரொன்று ஒரு வருடம் ஓடி விடுவது நாலு, ஐந்து தொன்தான். முறையான வேலை என்றால் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, நைதரசன் அழுத்தம் கொடுத்துப் பார்த்து, பம்பால் வெறுமையாக்கி, ஈரப்பதம் போனதை மானியில் உறுதி செய்து, கடைசியில் தராசில் நிறுத்து வாயுவை விட வேண்டும். அரை நாள் வேலை. "அடிச்சு விடுறது" பதினைந்து நிமிடம். மலிவாக வருபவர் எதைச் செய்கிறார் என்று கடைக்காரர் ஒருநாளாவது கூரையேறிப் பார்க்க வேண்டும்.

ஓட்டை ஏன் வருகிறது? நடுக்கத்தால் குழாய் தகரத்தில் உரசித் தேயும், பற்றவைத்த இடம் விடும். இவற்றைவிட நான் அதிகம் கண்டது அழுக்கால் வரும் சேதம். ஜூன் மாதத்தில் இந்த நகரத்தில் பொப்லர் மரங்களின் பஞ்சு பறக்கும், ஊரில் இலவம் பஞ்சு பறப்பதுபோல. அது வெளிக் கொயிலில் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும். றெஸ்ரோறன்ட் என்றால் பக்கத்திலேயே அடுக்களைப் புகைபோக்கி இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் சேர்ந்தால் காற்றுப் போக வழியில்லை, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, கொம்பிறெசர் கொதிக்கிறது. கீழே பில்ரர் அடைத்திருந்தால் எதிர்மாறான சேதம்: உள் கொயிலில் பனி கட்டி, ஆவியாகாத திரவம் கொம்பிறெசருக்குள் திரும்பிப் போய் அதை உடைத்துவிடும். மோட்டர் எரிந்தால் உள்ளிருக்கும் எண்ணெயும் வாயுவும் அமிலமாகிப் போகும். சில டொலர் பில்ரரை மாற்றாததால் பல ஆயிரம் டொலர் கொம்பிறெசர் போவதை எத்தனை கடைகளில் பார்த்துவிட்டேன்! வடிகால் தட்டையும் மறக்கக் கூடாது. அது அடைத்தால் தண்ணீர் முதலில் இறங்குவது எப்போதும் காசாளர் தலையில்தான்.

இவ்வளவு தொல்லை என்றால் குளிரூட்டியே வேண்டாமே என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். 2018 யூலை வெக்கையில் மொன்றியல் தீவில் மட்டும் 66 பேர் இறந்ததாகச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அடுக்களையில் பத்து மணிநேரம் நிற்கும் எம்மவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வரலாற்றின் இன்னொரு முனை தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்தியாவில் சி.எஃப்.சி. தயாரித்த தொழிற்சாலைகள் நான்கு. அவற்றில் ஒன்று காவிரிக் கரையில் மேட்டூரில் இயங்கியது. பணக்கார நாடுகள் வாயுவைப் பெருக்கிவிட்டு ஏழை நாடுகளை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம் என்று 1990இல் லண்டன் மாநாட்டில் இந்தியாவும் சீனாவும் கேட்டன. அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. அதன் பலனாகப் பிறந்ததுதான் பலதரப்பு நிதியம். அதன் செயலகம் 1991 முதல் எங்கள் மொன்றியலிலேயே இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகள் சி.எஃப்.சி. உற்பத்தியை மூட அந்த நிதியம் 82 மில்லியன் அமெரிக்க டொலர் ஒதுக்கியது. 2008 ஆகஸ்டில், குறித்த நாளுக்கு முன்னதாகவே, மேட்டூர் உட்பட எல்லா இடத்திலும் அந்த உற்பத்தி நின்றது. இலங்கை 1989 டிசம்பரிலேயே உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. அங்கே மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதே நிதியத்தின் காசுதான். 1990இல் போர் மூண்டு யாழ்ப்பாணம் வருடக்கணக்கில் மின்சாரமில்லாமல் இருண்டு கிடந்ததால், அந்தப் பயிற்சியின் பொருள் எங்கள் பக்கத்துக்குப் பிந்தித்தான் போயிருக்கும்.

ஓசோன் மெல்லத் தேறி வருகிறது. அந்தாட்டிக்காவின் மேல் 2066 அளவில் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவுடன் 2023இல் வந்த அறிக்கை சொல்கிறது. ஆனால் ஆர்-22க்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாவிட்டாலும், பூமியைச் சூடாக்குவதில் ஆர்-22ஐ விடச் சற்று மோசம். அதற்காக 2016இல் கிகாலியில் மீண்டும் கூடி அந்தக் குடும்பத்தையும் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். இப்போது வரும் புதிய யூனிற்றுகளில் ஆர்-454பி, ஆர்-32 போன்றவை இருக்கின்றன. சூடாக்கும் கெடுதி பழையதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. ஆனால் இவை கொஞ்சம் எரியக்கூடியவை. மிட்ஜ்லி மெழுகுதிரியை அணைத்துக் காட்டியதற்கு ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, தொழில் மறுபடியும் நெருப்பைப் பற்றி யோசிக்கிறது.

பழைய பெட்டிக்குள் புதிய வாயுவை மாற்றி விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல், எண்ணெயும் வேறு. எரியும் வாயுக்களைப் பழைய பெட்டியில் விடுவது அதைவிட ஆபத்து. உங்கள் கூரையில் இன்னும் ஆர்-22 பெட்டி ஓடுகிறதென்றால், பெயர்த் தகட்டில் வருடத்தைப் பாருங்கள், ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பியுங்கள். மாற்றும் நாளில், உள்ளே இருப்பதை இழுத்து எடுத்த சிலிண்டர் எத்தனை கிலோ காட்டுகிறது என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.