அர்த்தூசியின் வயிறும் தக்காளி சாஸும்

1855. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம். பெல்லெக்ரினோ அர்த்தூசி ஒரு சாப்பாட்டுக் கடையில் மினஸ்த்ரோனே சூப் குடித்துவிட்டு வந்து படுத்தார். ராத்திரி முழுக்க வயிறு படுத்திய பாட்டில் சூப்பைத் திட்டித் தீர்த்தார். ஃப்ளாரன்ஸ் போன பிறகுதான் லிவோர்னோவில் காலரா என்று சேதி வந்தது. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரே அதில் இறந்துபோனார். சூப் மேல் குற்றமே இல்லை!

1891இல் அர்த்தூசி சொந்தக் காசில் போட்ட சமையல் புத்தகத்தில் இந்தக் கதை மினஸ்த்ரோனே செய்முறையோடு வருகிறது. பிந்தைய பதிப்புகளில் 'பலவீனமான வயிறுகளுக்கான சமையல்' என்று தனிப்பகுதியே உண்டு.

தக்காளி கதையும் இதேதான். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த புதிது. 'குளிர்ச்சி, ஈரம், ஜீரணத்துக்கு ஆகாது' என்று மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். (நம்ம வீட்டுச் சூடு-குளிர்ச்சிக் கணக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி!) 1690களில் நேப்பிள்ஸில் லத்தீனி தக்காளி சாஸை அச்சில் தந்தார், ஆனால் பாஸ்தாவுக்கு அல்ல. அந்த ஜோடி பரவலானது 19ஆம் நூற்றாண்டில்.

எனக்கு சுவாரசியமாகப் பட்டது, அர்த்தூசி தக்காளியில் இரண்டு செய்முறை தருவதுதான். 'சல்சா'வில் வெங்காயம், பூண்டு, செலரி எல்லாம் உண்டு. 'சூகோ' வெறும் தக்காளி: வேகவைத்து, சல்லடையில் தேய்த்து எடுப்பது. வேண்டுமானால் கொஞ்சம் செலரி, பார்ஸ்லி அல்லது பேசில் இலை. அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் இன்றைக்கு வேறு மாதிரி அர்த்தமாகிறது. 2005 வாக்கில் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த ஃபாட்மேப் கருத்துப்படி, வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான் சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். உப்புசம், வலி அதனால்தான். கோதுமை பாஸ்தாவிலும் அது இருக்கிறது. நெஞ்செரிச்சல்காரர்களுக்குத் தக்காளிப் புளிப்பு தொந்தரவு தரலாம், மறுக்கவில்லை. அதற்குச் சர்க்கரை போட்டால் நாக்குதான் ஏமாறும், அமிலம் அப்படியே இருக்கும்.

பல வருஷமாக நான் தக்காளியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். போன மாசம் சூகோ செய்து பார்த்தேன். பூண்டு வாசனை இல்லாமல் எனக்கு இறங்காது. அதனால் முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, தக்காளி போடும் முன் எடுத்துவிட்டேன். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, வாசனை மட்டும் இறங்கும். தக்காளி சேர்ந்த பிறகும் பல் கிடந்தால் அந்தத் தண்ணீரில் கரைந்துவிடும், கவனம். ராத்திரி வயிறு சத்தமே போடவில்லை.