கேட்டால் மட்டும் பேசும் வில்லை

ஆம்பூர் தோல் ஷாப்பில் சரக்கு ஏற்றிய லாரி சென்னைத் துறைமுகம் போகும் வழியில், பள்ளிகொண்டா டோல்கேட்டில் வேகம் குறைக்கிறது. டிரைவர் சட்டைப்பையில் கை வைப்பதில்லை. முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லை அவருக்காகப் பதில் சொல்லிவிடுகிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. மேலே மாட்டியிருக்கும் ரீடர் வீசும் ரேடியோ அலையில் கொஞ்சம் உறிஞ்சித்தான் உள்ளிருக்கும் சில்லு விழிக்கிறது. மிச்ச அலையையே விட்டு விட்டுத் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. கேட்கிறவர் செலவிலேயே பதில்!

இந்தச் சாமர்த்தியம் பிறந்தது சாலையில் அல்ல, உளவு வேலையில். 1945 ஆகஸ்டில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவெரல் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றை சோவியத் பிள்ளைகள் பரிசளித்தார்கள். அதற்குள் இருந்தது லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. தொடாமலேயே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்த அதே தெரமின்தான். வெளியிலிருந்து அலை பாய்ச்சினால் உயிர் வரும், நிறுத்தினால் வெறும் மரம். 1952 வரை அது தூதர் வீட்டுச் சுவரில் நிம்மதியாகத் தொங்கியது.

நினைவகத்தோடு கூடிய பேட்டரியில்லா வில்லையை அமெரிக்கர் மரியோ கார்டுல்லோ 1971-ல் நியூயார்க் துறைமுக ஆணையத்துக்குச் செய்து காட்டினார். அவர் சொன்ன பயன்களில் சுங்கம் வசூலிப்பதும் ஒன்று. 1973-ல் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவுக்கு அது ஃபாஸ்டேக் என்ற பெயரில் 2014-ல் வந்தது; முதலில் மும்பை–அகமதாபாத் சாலை. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து சுங்கம் கட்டும் எல்லா வண்டிக்கும் கட்டாயமானது; வில்லை இல்லாதவரிடம் அப்போது இரட்டைக் கட்டணம் வாங்கினார்கள்.

ஆக, நம் லாரிக்குக் கிடைத்த இந்தக் கம்பியில்லாப் பேச்சு பணம் கட்டுவதற்கானது. டோல்கேட்டோடு பேசும் வண்டிக்கு, தன் பின்னால் வரும் வண்டியோடு பேச வழியில்லை. மார்கழி விடியற்காலையில், பனி இறங்கிய நெடுஞ்சாலையில் அச்சு முறிந்து நிற்கும் லாரியைப் பாருங்கள். கிளீனர் ஓடிப்போய் நாலு கல்லை வரிசையாக வைக்கிறார், வேலிமரத்தில் ஒரு கிளையை ஒடித்துச் செருகுகிறார். அவ்வளவுதான் தகவல் தொடர்பு. வண்டி கிளம்பியதும் கற்கள் அங்கேயே கிடக்கும். அடுத்து பைக்கில் வருகிறவருக்கு அவையே வினை.

வண்டியும் வண்டியும் நேராகப் பேசும் கருவி வேறு குடும்பம். வில்லையைப் போல யாராவது கேட்கும்வரை அது காத்திருக்காது. தான் எங்கே இருக்கிறேன், என்ன வேகம், பிரேக் மிதித்தேனா என்பதை வினாடிக்குப் பத்து முறை, சில நூறு மீட்டர் சுற்றளவுக்குத் தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கும். வளைவோ பனியோ முன்னால் போகும் பேருந்தின் முதுகோ மறைத்தாலும் பின்னால் வருபவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகும். கணியம்பாடியில் பிரிந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறும் சாலைக்கு வேண்டியது இதுதான். அங்கே டோல்கேட் இல்லை, ஃபாஸ்டேக்குக்கு வேலையும் இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன்தான்.

அமெரிக்கா 1999-லேயே இதற்கென 5.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. இருபது வருடம் காத்துப் பார்த்துவிட்டு, 2020-ல் அதில் 45-ஐ வைஃபை போன்றவற்றுக்கு எடுத்துக்கொடுத்தது. ஜப்பானில் டொயோட்டா 2015-ல் சில கார்களில் வைத்து விற்கத் தொடங்கியது. நுட்பத்தில் குறையில்லை, சிக்கல் கடைக்கணக்கில். ஃபாஸ்டேக் ஒட்டிய முதல் லாரிக்கே அன்றைக்கே வரிசை மிச்சம். இந்தக் கருவியை முதலில் வாங்குகிறவருக்கோ ஒரு லாபமும் இல்லை. எதிரில் வருகிற வண்டியிலும் இருந்தால்தான் அது வேலைக்கு ஆகும். அந்த முதல் லாரிக்காரர் யார், அவர் செலவை யார் ஏற்பது என்பதைத் தீர்க்காமல் அலைவரிசை ஒதுக்கிப் பயனில்லை.