டப்பாவில் இருந்த எண்ணும் பாட்டியின் முகமும்

பிலிம் டப்பாவின் மேல் 64 என்றோ 100 என்றோ ஓர் எண் இருக்கும். அந்த பிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. எண் கூடக்கூட வெளிச்சத் தேவை குறையும். அது கருவிகள் மட்டுமே அளந்து சொன்ன எண் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதன் வரலாற்றில் மனிதக் கண்ணின் தீர்ப்பும் கலந்திருக்கிறது.

நான் முதுகலை படித்த ரோசெஸ்டர், கோடாக் நிறுவனத்தின் ஊர். அங்கே ஆய்வகத்தில் லாய்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்து அச்சிட்டு, பலரிடம் காட்டி, எந்த அளவிலிருந்து படம் நன்றாக இருக்கிறது என்று கேட்டார். அத்தகைய சோதனைகளை அடியொற்றியே 1943இல் அமெரிக்கத் தர எண்ணான ஏ.எஸ்.ஏ. வந்தது. படம் இருண்டுவிடக் கூடாதே என்று அதில் கூடுதல் வெளிச்சத்துக்கும் இடம் வைத்தார்கள். 1960இல் அதைக் குறைத்தபோது கறுப்பு வெள்ளை நெகட்டிவ் பிலிம்களின் எண்கள் ஏறத்தாழ இரட்டித்தன. பிலிம் அதேதான்.

ஸ்லைடு பிலிமில் அந்தத் தாராளம் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய பிலிமே கடைசிப் படம். அச்சிடும்போது சரிசெய்து கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளிச்சம் சற்றுக் கூடினால் வெண்மையான பகுதி வெற்றுக் கண்ணாடிபோல் ஆகிவிடும். குறைந்தால் நிழலில் இருப்பது கறுத்துவிடும். ஆகவே, இரண்டில் எதை இழக்கலாம் என்று எடுப்பவர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

1935இல் சினிமா பிலிமாகவும் அடுத்த ஆண்டு 35 மி.மீ. ஸ்லைடாகவும் வந்தது கோடாகுரோம். அதை உருவாக்கிய லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடௌஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். அதில் நிறம் உண்டாவதற்கான பொருளை டெவலப் செய்யும்போதுதான் சேர்ப்பார்கள். வீட்டில் செய்கிற வேலை அல்ல. அமெரிக்காவில் 1954 வரை பிலிம் விலையிலேயே கழுவும் கூலியும் அடக்கம். அந்த ஆண்டு அரசு தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே மற்ற லேபுகளுக்கு வழி திறந்தது.

1946இல் வந்த எக்டாகுரோம் வேறு வகை. நிறப்பொருள் பிலிமுக்குள்ளேயே இருந்ததால் வீட்டிலும் கழுவலாம். இருட்டான இடத்தில் எண்ணை உயர்த்தி வைத்து எடுத்துவிட்டு, முதல் டெவலப்பரில் கூடுதல் நேரம் விடலாம். இதைத்தான் 'புஷ்' செய்வது என்றார்கள். 1970களின் பிற்பகுதியில் நிலைபெற்ற ஈ-6 முறையில் முதல் டெவலப்பர் 38 டிகிரி செல்சியஸில் 6 நிமிடம். ஒரு ஸ்டாப் புஷ் செய்யச் சுமார் 8 நிமிடம். படம் வெளுக்கும், ஆனால் கறுப்பு ஆழம் குறையும், மணல் தூவியதுபோல் துகள் தெரியும்.

என் பெரியப்பா 1976 ஆவணியில் ஊருக்குப் போய் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்தார். மண்டபத்துக்குள் ஹை ஸ்பீட் எக்டாகுரோம்: 160ஐ 400 என்று வைத்து எடுத்து, கோடாக் இதற்கென்றே விற்ற தனி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார். வாசலில், வெயிலில், கோடாகுரோம் 64.

அந்தக் காலத்தில் பலர் 64ஐ 80 என்று வைப்பார்கள். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் வானமும் இலையும் அடர்ந்த நிறத்தில் வரும். ஆனால் லைட் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெயிலில் வெள்ளை வேட்டிகள் நிறைந்த கூட்டத்தைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். அதற்குமேல் 80 என்றும் வைத்தால் கறுத்த முகங்களில் பல்லும் கண்ணும் மட்டுமே மிஞ்சும்.

பெரியப்பாவின் குறிப்பேட்டில் "64 – 50இல். புறங்கையைப் பார்த்து. வேட்டி போனால் போகட்டும்" என்று இருக்கிறது. சென்ற ஆண்டு அந்த ஸ்லைடுகளை நான் ஸ்கேன் செய்தேன். வேட்டிகளில் மடிப்பே இல்லை, வெறும் வெள்ளை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் நெற்றிச் சுருக்கமும் மூக்குத்தி போட்ட இடத்துத் தழும்பும் தெரிகின்றன. அவர் முகம் தெளிவாக இருக்கும் வேறு படம் எங்கள் குடும்பத்தில் இல்லை. கோடாகுரோம் இருட்டில் பத்திரமாக நிறம் காக்கும் என்பதால், அந்த முகம் இன்னும் அதே நிறத்தில் இருக்கிறது. மண்டபத்துப் படங்கள் வெளிறிவிட்டன.

உங்கள் வீட்டிலும் ஸ்லைடுப் பெட்டி இருந்தால் இரண்டு விஷயங்கள். கோடாக் சட்டத்தில் அச்சான மாதமும் ஆண்டும் பிலிமைக் கழுவிய காலத்தைத்தான் குறிக்கும், எடுத்த நாளை அல்ல. எங்கள் ஆவணிக் கல்யாணத்தின் மீது 'மார்ச் 77' என்று இருக்கிறது. இரண்டாவது, கழுவாத கோடாகுரோம் சுருள் கிடைத்தால் அதில் நிறத்தை இனி மீட்க முடியாது. கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி லேப், சுருள்களைப் பெற 2010 டிசம்பர் 30ஐக் கடைசி நாளாக வைத்தது. இப்போது கறுப்பு வெள்ளையாகக் கழுவித்தான் பார்க்கலாம். குறிப்பேடு ஏதேனும் கூடவே கிடைத்தால் அதையும் எறிந்துவிடாதீர்கள். யாருடைய முகத்துக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அதில் எழுதியிருக்கலாம்.