ஏற்றுமதியின் புகைக் கணக்கு: முத்து ஆற்றுக் கழிமுகத்தில் காற்று மாசின் வளர்ச்சி (1978–2015)

முன்னுரை

தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் முத்து ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நெல்வயல்களிலிருந்து உலகின் பெரும் உற்பத்திக் களமாக மாறியது. அங்கே செய்யப்பட்ட பொருள்கள் கடல் கடந்து போயின; அவற்றைச் செய்தபோது எழுந்த புகை அங்கேயே தங்கியது. அந்தப் பகுதியின் காற்று மாசு ஏற்றுமதி வணிகத்தோடு எவ்வாறு சேர்ந்து வளர்ந்தது என்பதையும், அந்தச் சேதம் தவிர்க்கக்கூடியதே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொடக்கம்: ஹாங்காங்கின் பட்டறைகள்

1978 டிசம்பரில் சீனா பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1980இல் கழிமுகத்திலுள்ள ஷென்சென், ஜுஹாய் ஆகியவை சிறப்புப் பொருளாதார மண்டலங்களாயின. கூலியும் நில வாடகையும் ஏறிக்கொண்டிருந்த அண்டை நகரான ஹாங்காங்கின் முதலாளிகள் கைப்பை, பொம்மை, காலணி, ஆடை ஆலைகளை எல்லைக்கு அப்பால் மாற்றினர். விற்பனையும் கணக்கு வழக்கும் ஹாங்காங்கில், உற்பத்தி குவாங்டாங்கில் என்ற இந்த ஏற்பாட்டை ‘முன்னால் கடை, பின்னால் பட்டறை’ என்றே அழைத்தனர். 1992இல் சீனத் தலைவர் டெங் சியோபிங் மேற்கொண்ட தென்பகுதிப் பயணம் இந்தப் போக்குக்கு அரசியல் உறுதியளித்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்ததும் வெளிநாட்டுக் கொள்முதல் ஆணைகள் குவிந்தன.

மாசு உருவான வழிகள்

ஒரு ஜோடி காலணியைத் தொடர்ந்து போனால் இந்த மாசின் பாதை தெரியும். அடித்தோலை மேல்தோலோடு ஒட்டுவதற்குப் பசை தடவி உலர்த்துகிறார்கள். உலரும்போது பசையிலுள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிக் காற்றில் சேர்கின்றன. இயந்திரங்களுக்கு வேண்டிய மின்சாரம் நிலக்கரி எரியும் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. அங்கிருந்து கந்தக டைஆக்சைடு வெளியேறுகிறது. 2003ஐ ஒட்டிய மின்தட்டுப்பாட்டுக் காலத்தில் ஆலைகள் சொந்தமாக டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டின. முடிந்த சரக்கைக் கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்கிறது; அங்கே காத்திருந்த கப்பல், அந்நாளில் கந்தகம் மிகுந்த கசடு எண்ணெயை எரித்தது. லாரியும் கப்பலும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள், ஆலைகளின் கரைப்பான் ஆவியோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் வீசும் வடகிழக்குக் காற்று இவற்றையெல்லாம் ஹாங்காங் பக்கம் தள்ளுகிறது. ஆலைகளை வெளியே அனுப்பிய நகரம் அவற்றின் புகையிலிருந்து தப்பவில்லை.

அளந்து காட்டிய ஆய்வுகள்

இந்தத் தொடர்பை எண்களில் நிறுவிய முக்கிய ஆய்வை ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ரீட்ஸின் குழுவினர் 2006இல் வெளியிட்டனர். கழிமுகத்தின் ஏற்றுமதி அப்போது ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், நுண்துகள்கள், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றின் உமிழ்வில் 10 முதல் 40 விழுக்காடு ஏற்றுமதி சார்ந்த செயல்களால் விளைந்தது என்று அவர்கள் மதிப்பிட்டனர். அவர்களது இன்னொரு கணக்கு இன்னும் முக்கியமானது. சிறந்த மாசுத்தடுப்புக் கருவிகளைப் பொருத்த ஆகும் ஆண்டுச் செலவு, பொருள்களின் மதிப்பில் 0.3 முதல் 3 விழுக்காடுதான். பத்து டாலர் பொம்மைக்கு அதிகம் போனால் முப்பது சென்ட். அந்தச் சிறு தொகையை விற்றவரும் கொடுக்கவில்லை, வாங்கியவரும் கொடுக்கவில்லை. அங்கு வாழ்ந்தவர்களின் நுரையீரல் கொடுத்தது.

2014இல் வெளியான ஓர் ஆய்வு இதையே சீனா முழுமைக்கும் விரித்தது. அதன்படி 2006இல் அந்நாட்டில் மனிதச் செயல்களால் வெளியான கந்தக டைஆக்சைடில் 36 விழுக்காடும், நைட்ரஜன் ஆக்சைடுகளில் 27 விழுக்காடும் ஏற்றுமதிப் பொருள்களின் உற்பத்தியோடு தொடர்புடையவை. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு உயிரிழப்பைக் கணக்கிட்டது: 2007இல் மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த நுகர்வு, சீனாவில் 1,08,600க்கும் மேற்பட்ட அகால மரணங்களோடு தொடர்புடையது.

கட்டுப்பாடும் இடமாற்றமும்

2002 ஏப்ரலில் ஹாங்காங் அரசும் குவாங்டாங் அரசும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. 1997ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு, 2010க்குள் கந்தக டைஆக்சைடை 40 விழுக்காடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை 20 விழுக்காடும் குறைப்பது இலக்கு. 2005 நவம்பரில் இரு தரப்பும் சேர்ந்து காற்றுத்தர அளவீட்டு நிலையங்களை இயக்கத் தொடங்கின. 2015 ஜூலை முதல் ஹாங்காங்கில் நிறுத்தப்படும் பெருங்கப்பல்கள் கந்தகம் குறைந்த எரிபொருளுக்கு மாறவேண்டும் என்ற சட்டம் வந்தது. அதே ஆண்டில் கழிமுகத்தின் பிஎம் 2.5 நுண்துகள் அளவு ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 34 மைக்ரோகிராமாகக் குறைந்து, 35 என்ற சீனத் தரவரம்புக்குள் வந்தது. 2013இல் அது 47.

இந்தச் சரிவு முழுவதையும் மாசு ஒழிந்ததாகக் கொள்ள இயலாது. 2008 முதல் குவாங்டாங் அரசு, உழைப்பு மிகுந்த பழைய ஆலைகளைக் கழிமுகத்திலிருந்து மாகாணத்தின் பிற பகுதிகளுக்கு நகர்த்தும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. மேலும், ஓசோன் அளவு நுண்துகளைப் போல் குறையவில்லை.

முடிவுரை

ஏற்றுமதி தன்னளவில் காற்றைக் கெடுத்துவிடுவதில்லை. தடுப்புச் செலவை விலையில் சேர்க்காமல் விட்டதே முத்து ஆற்றுக் கழிமுகத்தின் காற்றைக் கெடுத்தது. பின்னாளில் வந்த சட்டங்கள் அந்தச் செலவு தாங்கக்கூடியதே என்று காட்டிவிட்டன. ஆனால் அதற்குள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. இன்று அதே காலணியும் ஆடையும் வியட்நாமிலும் வங்கதேசத்திலும் உருவாகின்றன. கொள்முதல் ஒப்பந்தத்திலேயே உமிழ்வுக் கட்டுப்பாட்டை நிபந்தனையாக்கி, அதன் செலவை வாங்கும் நாடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆலைக்கு அடிக்கல் நாட்டும்போதே அதைச் செய்தால், அங்குள்ள மக்கள் சுத்தமான காற்றுக்காக இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியிராது.