தெரிந்த கதையைக் கூடிக் கேட்டல்: நாஞ்சில் நாட்டு மரபு

முடிவு வரை தெரிந்த ஒரு கதையை, அதே அளவு தெரிந்த மற்றவர்களோடு உட்கார்ந்து மறுபடி காண்பது இன்று தொலைக்காட்சித் தொடர் இரசிகர்களின் பழக்கமாகவே பேசப்படுகிறது. அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடர் 79 பகுதிகளோடு நின்றுபோனது. அதற்குப் பெரும்புகழ் வந்தது நின்ற பிறகுதான். உள்ளூர் நிலையங்கள் பழைய பகுதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டன. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த இரசிகர் மாநாட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். இதைத் தொலைக்காட்சி உண்டாக்கிய வழக்கம் என்று கொள்வது சரியல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாட்டிலும் அதைச் சூழ்ந்த கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளிலும் தோல்பாவைக்கூத்து, வில்லுப்பாட்டு என்னும் இரண்டு கலைகள் தெரிந்த கதையை நம்பியே வளர்ந்தன. கதை தெரிந்தவர்கள் கூடும் இடத்தில்தான் அது முழு வலுவோடு இயங்குகிறது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்று.

ஒளியூட்டிய திரை, நாளுக்கொரு பகுதி என்ற வகையில் தொலைக்காட்சித் தொடருக்கு மிக அருகில் நிற்பது தோல்பாவைக்கூத்து. வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தன. ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகளை வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒருவரே ஆட்டுவார். இராமன், சீதை, இராவணன், குரங்குப்படை என எல்லோருக்கும் குரல் கொடுப்பவரும் அவரே. இராமாயணத்தைப் பெரும்பாலும் பத்து நாள் ஆட்டமாகப் பிரித்து நடத்துவார்கள். இராவணன் சாவான், பட்டாபிஷேகம் நடக்கும் என்பது தெரியாத ஒரு பிள்ளைகூட அந்தக் கூட்டத்தில் இருக்காது. ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி எந்தப் பாவைக்கூத்துக்காரரும் கடை விரித்ததில்லை. கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்து ஊர்ப்பேச்சில் ஒருவரையொருவர் வாரும்போது சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே மறுநாளும் வந்து உட்கார்ந்தது.

வில்லுப்பாட்டில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. மணிகள் கோத்த நீண்ட வில்லின் நடுவே அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் அமர்ந்து இரு கைகளிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்துப் பாடுவார். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. அண்ணாவி ஒரு செய்தியைச் சொன்னதும் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். பாட்டின் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். சில சமயம் தெரியாதவர் போலக் கேள்வியும் கேட்பார். கதையை அவர் எத்தனையோ இரவுகள் பாடியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்த ‘ஆமா’ இல்லாமல் கதை நகராது. கதை தெரிந்த உடன்கேட்பாளரை மேடையிலேயே உட்கார வைத்திருக்கிற கலை இது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கப் பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கவும் கற்றுக்கொள்கிறான். பிறகு மாட்டுக் கிடையைக் கொள்ளையரிடமிருந்து மீட்கப் போய் உயிரை விடுகிறான். கலியாணக் காட்சியைப் பாடும்போதே அவன் சாவு கேட்பவர் மனத்தில் இருக்கிறது; அந்த மகிழ்ச்சி கனப்பது அதனால்தான். இரவிக்குட்டிப்பிள்ளை போரும் இப்படியே. திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து நிற்கக் கிளம்பும் வேணாட்டுத் தளபதியை, கெட்ட கனவு கண்ட தாயும் மனைவியும் தடுக்கிறார்கள். அவன் கணியாகுளத்தில் விழப்போகிறான் என்று அறியாதவருக்கு அது வழக்கமான பெண்புலம்பலாகத் தோன்றலாம். கணியாகுளமோ நாகர்கோவிலை ஒட்டிய ஊர்; அதை அறிந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காட்சிதான் கதையின் உச்சம். இதற்கு ஆய்வுச் சான்றும் ஓரளவு உண்டு. கலிபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்னும் இரு உளவியலாளர் 12 சிறுகதைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட சோதனையில், முடிவை முன்னரே அறிந்து படித்தவர்களே பொதுவாகக் கதையைக் கூடுதலாக இரசித்தனர். பின்னர் வந்த சில ஆய்வுகள் மாறான முடிவும் கண்டன என்பதால் அதை மட்டும் நம்பி வாதிட வேண்டியதில்லை. ஊர்த் தெய்வக் கோயில்களில் வில்லுப்பாட்டு பாடப்படும் கொடை விழா இரவுகள் அதைவிடப் பழைய சான்று.

கொடை என்பது வழிபாடு, இரசனை அல்ல. சனம் சாமிக்காக வருகிறது, கதைக்காக அல்ல என்பது இங்கே எழக்கூடிய முதன்மையான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. கோயிலின் முதன்மைத் தெய்வத்தின் கதை நள்ளிரவில்தான் பாடப்படும். கதைநாயகர் கொல்லப்படும் கட்டம் நெருங்க நெருங்கச் சாமியாடிக்கு அருள் ஏறும். வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பாட்டும் சாமியாட்டமும் இப்படிப் பிணைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். ஆனால் இதுவே நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. எந்த அடியில் எது நிகழும் என்று பாடுபவர், ஆடுபவர், சுற்றி நிற்பவர் அனைவருக்கும் தெரிந்திருந்தால் அல்லவா அருள் உரிய நேரத்தில் வரும்? கதை அறியாத கூட்டத்தின் நடுவே அந்த வழிபாடே நடக்காது. பாலக்காட்டுப் பகுதியின் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. கம்பராமாயணத்தை அங்கே பல இரவுகள் தேவிக்காக நடத்துகிறார்கள். திரைக்கு எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவுகளும் உண்டு. அப்போது பாவைக்காரர்களே ஒருவருக்கொருவர் கேட்பாளராகிப் பாட்டுக்கு விளக்கம் சொல்லியும் கேள்வி எழுப்பியும் விடியும்வரை உரையாடுகிறார்கள் என்று அதே பிளாக்பர்ன் 1996-இல் எழுதினார். வெளியே கூட்டம் இல்லாதபோதும், கதை தெரிந்த துணை ஒன்று உள்ளேயே உருவாகிவிடுகிறது.

தொலைக்காட்சிப் பகுதி மாறாதது, வில்லுப்பாட்டோ ஒவ்வொரு கொடையிலும் நீண்டும் குறுகியும் வருவது. இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்டால், அந்த வேறுபாடு மெய்தான். அண்ணாவி கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கட்டத்தை நீட்டுவார். பதிவான நாடா யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஆனால் நாடா மாறாதபோது பார்ப்பவர்களின் பேச்சு மாறுகிறது, சேர்கிறது, நினைவாகத் திரள்கிறது. நாடாவே அழிந்தபோது இரசிகர்கள் கதையைக் காத்ததும் உண்டு. பி.பி.சி. ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960-களின் பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டது. படம் கிடைக்காமல் போன அப்பகுதிகளின் ஒலி மட்டும் இன்று இருப்பது, ஒளிபரப்பின்போதே வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்த இரசிகர்களால். நாஞ்சில் நாட்டில் அதே வேலையை ஏடுகளும் மனப்பாடமும் செய்தன. அந்த ஏட்டுக் கதைப்பாடல்களில் பலவற்றை நாகர்கோவில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் போன்றோர் பதிப்பித்திருப்பதால்தான் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன.

இப்போது கொடை வில்லுப்பாட்டுகள் யூடியூபில் ஏறுகின்றன. அது நல்ல காரியம். ஆனால் பல பதிவுகளில் புகழ்பெற்ற கட்டங்கள் மட்டும் துண்டுகளாக இருக்கின்றன; ஒலிவாங்கி அண்ணாவியின் வாய்க்கு எதிரே மட்டும் நிற்கிறது. பதிவு செய்பவர்கள் இரவு முழுவதையும் வெட்டாமல் பதிய வேண்டும். பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’வும், முன்வரிசைக் கிழவிகளின் குரலும், குலவையும் கேட்கும்படி இன்னொரு ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கமும் வைக்க வேண்டும்.