பரண்மேல் உறை

குடியைப் பற்றி எழுத நம் வரலாற்றாசிரியர்களுக்கு ரெண்டே வழிதான் தெரியும். ஒண்ணு, சர்க்காருக்கு எவ்வளவு வரி வந்தது என்ற கணக்கு. இன்னொண்ணு, குடிச்சுக் கெட்ட சனங்களுக்கு ஒழுக்கப் பாடம். அந்தப் பானத்தைப் புளிக்க வைத்தவள் யார், அவளுக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் வரலாறு வேறு பக்கம் திரும்பிவிடும்.

கிழக்கு நேபாளத்திலும் சிக்கிம், டார்ஜிலிங் மலைகளிலும் வாழும் லிம்பு, ராய் மக்களிடம் கேழ்வரகுப் பானம் ஒன்று உண்டு. கல்யாணமானாலும் சாவானாலும் அது வேண்டும். கேழ்வரகை வேகவைத்து ஆறவிட்டு, உறை தூவி, கூடையில் ரெண்டு மூணு நாள் மூடி வைப்பார்கள். பிறகு பானைக்கு மாற்றி இன்னும் சில நாள் விட்டால் பானம் தயார். மூங்கில் குவளையில் போட்டு, சுடுதண்ணி ஊற்றி, மூங்கில் குழாயால் உறிஞ்சிக் குடிப்பார்கள்.

இதிலே கஷ்டமான வேலை பானம் செய்வதல்ல. உறையைக் காப்பாற்றி வைப்பதுதான். உறைமோர் இல்லாத வீட்டில் பால் தயிராகாது. அதே கதைதான். சாவு சொல்லிக்கிட்டா வருது? பானம் போட வேண்டிய நாளுக்கு முன்பே உறை வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

நேபாளி மொழியில் இதற்கு மர்ச்சா என்று பெயர். இதைச் செய்கிறவர்கள் பெண்கள். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் தொழில் ரகசியம் இது. அரிசியை எட்டுப் பத்து மணி நேரம் ஊறவைத்து இடிப்பார்கள். கொடிவேலி வேர், இஞ்சி, காய்ந்த மிளகாய், இன்னும் சில காட்டு இலை, பூ எல்லாம் அதில் சேரும். கடைசியில்தான் முக்கியமான சரக்கு: போன தடவை செய்த மர்ச்சாவின் தூள். ஒரு கிலோ மாவுக்குச் சுமார் 10 கிராம். பிசைந்து வட்டமாகத் தட்டி, அடுப்படிக்கு மேலே உள்ள பரணில் பெரணி இலை பரப்பி அடுக்கி, மேலேயும் இலையும் சாக்கும் போட்டு மூடுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளில் வில்லை உப்பி வாசம் வரும். அப்புறம் ரெண்டு மூணு நாள் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தால், ஈரம் படாத இடத்தில் ஒரு வருசத்துக்கு மேலும் கெடாது.

சிக்கிமைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஜோதி பிரகாஷ் தமாங் இந்த வில்லைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு கிராம் மர்ச்சாவில் ஈஸ்ட் பத்துக் கோடி அளவில் இருக்கிறது. லாக்டிக் பாக்டீரியா ஒரு கோடி, பூஞ்சைகள் பத்து லட்சம். பூஞ்சையும் ஒருவகை ஈஸ்டும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, மற்ற ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயச்சத்தாக்குகிறது. இந்தக் கூட்டத்தைக் காயவைத்து உறங்கப் போட்டு, வேண்டிய நாளில் எழுப்பத் தெரிந்திருக்கிறது அந்தப் பெண்களுக்கு.

இப்படிப்பட்ட மக்களை அரசு எப்படிப் பார்த்தது? 1854இல் ஜங் பகதூர் ராணா காலத்தில் நேபாளத்தில் முலுகி ஐன் என்ற சட்டம் வந்தது. நாட்டிலுள்ள அத்தனை பேரையும் ஐந்து படியாக அடுக்கிய சட்டம் அது. உச்சியில் பூணூல் போட்டவர்கள். அடுத்த ரெண்டு படிக்குப் பெயரே ‘மத்வாலி’, அதாவது குடிக்கிறவர்கள். ஒரு படி அடிமையாக்கக் கூடாத குடிகாரர்கள், அடுத்த படி அடிமையாக்கத் தக்க குடிகாரர்கள். லிம்புவும் ராயும் இந்த மத்வாலிக்குள்தான் அடைக்கப்பட்டார்கள். பூணூல்காரன் குடித்தால் அது அவன் செய்த குற்றம். இவர்கள் குடித்தால் அது இவர்களுடைய பிறவி! அறிவை எடுத்து வசவாக்கிச் சாதிப் பெயராகச் சூட்டிவிட்டது சட்டம்.

அந்த அடுக்கு அதோடு முடியவில்லை. மத்வாலிக்குக் கீழே தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாத சாதிகள். அவர்களிலும் கடைசியில், தொட்டால் தண்ணி தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டியவர்கள்: இரும்படிக்கும் காமி, செருப்புத் தைக்கும் சார்க்கி, துணி தைத்து மேளம் வாசிக்கும் தமாய். குடிகாரன் என்று இழிவுபடுத்தப்பட்டவன் கைக்கும் இவர்கள் தொட்ட தண்ணீர் ஆகாது. மிதிபட்டவனுக்கும் மிதிக்க ஒரு ஆளைக் கொடுத்ததுதான் சாதியின் சாமர்த்தியம். மர்ச்சாவின் பெருமையைப் பேசும்போது இதை மறைத்துப் பேச முடியாது.

சட்டம் வந்து 29 வருசம் கழித்து, 1883இல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய உறையை வளர்த்தெடுத்தார். பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. அவர் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்றைப் பிரித்துக் காத்தவருக்குப் பெயர் இருக்கிறது. பலவற்றைச் சேர்த்தே காத்தவளுக்குச் சாதி மட்டும்தான் இருந்தது.

1963இல் வந்த புதிய முலுகி ஐன் அந்தப் பழைய அடுக்கைச் சட்டத்திலிருந்து எடுத்தது. சாதிப் பாகுபாட்டையும் தீண்டாமையையும் குற்றமாக்கித் தண்டிக்கத் தனிச்சட்டம் வர 2011 ஆனது. மனசிலிருந்து எடுக்க எத்தனை வருசமோ!

குடியால் அழிந்த வீடுகள் நமக்குத் தெரியும். குடியைக் கொண்டாடச் சொல்லவில்லை. நாம் சொல்வது வேறு. நூறு வருசச் சட்டத்தைத் தாண்டி, ஒவ்வொரு தடவையும் பழைய வில்லையிலிருந்து பத்துக் கிராம் கிள்ளிப் புது மாவில் போட்டுப் போட்டு ஒரு தொடர்ச்சி அறுபடாமல் வந்திருக்கிறது. எந்த ஆவணக் காப்பகமும் அதைப் பாதுகாக்கவில்லை. அடுப்புச் சூட்டில், பரண்மேல், பெண்கள் பாதுகாத்தார்கள். அதையும் வரலாறு என்றுதான் எழுத வேண்டும்.